புதுக் கத்தி ஒன்றும் சொல்லாது

நேற்று மேசை இழுப்பறையிலிருந்து என் மடக்குக் கத்தியை எடுத்து, பிடியின் பள்ளத்தில் அடைந்து கிடக்கும் அழுக்கை நீங்கள் இருவரும் ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தீர்கள். நான் சத்தம் போட்டுவிட்டேன். "அழுக்கைத்தானேப்பா எடுத்தோம்" என்று பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். உங்கள் அம்மா மட்டும் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எதற்குச் சிரித்தாள் என்று கேட்டால் அவள் சொல்ல மாட்டாள். நான் எழுதி வைக்கிறேன். அதிகம் படித்தவன் இல்லை நான். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது கத்தியின் கதை மாதிரி தெரியும். ஆனால் நான் எழுத நினைப்பது உங்கள் அம்மாவின் அத்தையைப் பற்றி. நீங்கள் பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்த வரையில் யாராவது பெயர் கேட்டால், "எதுக்கு கேக்குறே?" என்பார். ரேஷன் கடையிலும் அதே பதில்தான். இப்போது நான் எழுதினால், "எதுக்கு எழுதறே?" என்று காதோரம் கேட்கும். வேண்டாம்.

அம்பத்தூர் ஏரிப் பக்கம் ஓட்டு வீடு. தாய் இல்லாத உங்கள் அம்மாவை வளர்த்தவர் அவர்தான். உங்கள் தாத்தாவுக்கு அவர் அக்கா. தாத்தா எதற்கும் "அக்காவக் கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொள்வார். அத்தை உயரமானவர், ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் கறுப்பு நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். வெளியே போனால் கையில் குடை இருக்கும். அந்தக் குடை விரிந்து யாரும் பார்த்ததில்லை. மழை வந்தால் ஏதாவது கடையோரம் ஒதுங்கி, குடையை நனையாமல் புடவைக்குள் வைத்துக்கொள்வார்.

அவர் யாருடைய பேச்சையும் நம்ப மாட்டார். அந்த ஆள் புழங்குகிற சாமானைத்தான் கேட்பார். "வாய் சொல்றத வுடு. சாமான் பொய் சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

புதிதாக ஒரு பால்காரர் வந்தார். மற்ற வீடுகளில் பாலைத் தொட்டு நக்கிப் பார்த்தார்கள், நகத்தில் விட்டுப் பார்த்தார்கள். அத்தை பாலின் பக்கமே திரும்பவில்லை. "அந்த ஆழாக்கக் குடு" என்று வாங்கி, கவிழ்த்து, அடியை விரலால் தடவினார்.

"இன்னாத்துக்கும்மா ஆழாக்கப் பாக்குறே? பாலப் பாரேன்!"

"பாலப் பாத்தா பாலுதான் தெரியும். ஆழாக்கப் பாத்தா நீ தெரிவே."

அடிப்பக்கம் உள்நோக்கித் தட்டப்பட்டிருந்தது. ஆழாக்குக்கு அரை மடக்குப் பால் குறையும். பால்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், அந்தத் தெருவுக்கே அப்புறம் வரவில்லை.

பின்கட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுவார். அப்போது கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். மதுரை, சேலம், திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து இறங்கும். அத்தை ஊர் கேட்க மாட்டார், என்ன சம்பளம் என்று கேட்க மாட்டார். "உங்க ஊட்டுத் தொடப்பம் ஒண்ணு கொண்டா, பாக்கலாம்" என்பார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பக்கமே தேய்ந்த துடைப்பம் வந்தால், "மூலையப் பெருக்காதவ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஓட்டை அடைத்த தூக்குச் சட்டியோடு வந்த ஒரு பெண்ணுக்குத் துடைப்பத்தைப் பார்க்காமலே சாவியைக் கொடுத்தார். "ஓட்டைய அடைச்சி வெச்சிப் பொழங்கறா. இருப்பா."

அவர் கண்டுபிடித்தது எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்த ஒரு பையனை, செருப்பின் ஒரு குதிகால் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, "எந்த எடத்துலயும் நிக்காதவன், ஓடிடுவான்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் முறிந்தது. அந்தப் பையனுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கால் கொஞ்சம் குட்டை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதைக் கேட்ட அன்றைக்கே அத்தை பையன் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடி, "நான் தப்பா பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். சந்தேகப்பட்டதற்காக அவர் வருத்தப்படவில்லை. சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் பெண் கேட்டுப் போனேன்.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் வீடு காட்டுப்பாக்கத்தில். எங்கள் அப்பா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பாடியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நானும் எங்கள் அம்மாவும்தான் வீட்டில். பெண் பார்க்கப் போகிறோம் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை, புது வேட்டி, புதுச் செருப்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டார். "கூலிக்காரன் மகன்னு ஒரு வார்த்த வரக்கூடாதுடா" என்றார்.

கிளம்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், கோணியை விரித்துப் பூட்டும் சீப்பும் டார்ச் லைட்டும் விற்றுக்கொண்டிருந்தவரிடம் இந்தக் கத்தியைப் பார்த்தேன். கம்பெனியில் ஒயர் சீவ, கட்டு அறுக்க எனக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

"மான் கொம்புப் பிடி, அண்ணாத்தே. கப்பல்ல வந்தது" என்றார் அவர்.

மோந்து பார்த்தேன். புது பிளாஸ்டிக் நெடிதான் வந்தது. மானுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. கப்பலும் சந்தேகம்தான். இருந்தாலும் கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கியது. கைக்கு இதமான கனம். அலகின் முதுகில் நகம் வைக்கச் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. அதில் கட்டைவிரல் நகத்தை மாட்டி இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது நகம் பாதி பெயர்ந்து, 'டக்' என்று திறந்துகொண்டது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூடுவது இன்னும் மோசம். எங்கே விரலைக் கடித்துவிடுமோ என்று, நாய்க்குச் சோறு வைக்கிறவன் மாதிரி கையைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடினேன். அப்படியும் பெருவிரல் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரத்தம் வந்தது. எனக்கு அதன் மேல் ஒரு பயம், ஒரு பிரியம். நம்பிக்கை மட்டும் வரவில்லை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

அம்பத்தூர் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். உங்கள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் தலையைக் குனிந்தபடி டம்ளரை எடுக்கக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டேன். மேல் பையிலிருந்து கத்தி நழுவி, சிமெண்டுத் தரையில் 'டங்' என்று விழுந்து, வழுக்கிக்கொண்டே போய் அத்தையின் காலடியில் நின்றது.

தாத்தா பீடி பற்ற வைத்தார்.

அத்தை அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது? பொண்ணு பாக்க வர்ற எடத்துக்குக் கத்தியோட வந்துகீறே?"

"கம்பெனி வேலைக்கும்மா. ஒயரு சீவ…"

"ஒயரு சீவனியா?"

"இல்லம்மா. இன்னிக்கிதான் வாங்கனேன்."

நான் நகம் பெயர்த்துத் திறந்த கத்தியை, அவர் புடவை முனையால் அலகைப் பிடித்து அலட்டல் இல்லாமல் திறந்தார். வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அலகை வைத்து அழுத்தினார். பாக்கு நழுவி ஓடியது. புடவை ஓரத்தில் ஒரு நூலை இழுத்து அறுத்தார். அறுந்தது. அலகை மோந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பிடியின் பள்ளத்துக்குள் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சட்டையை, வேட்டியை, வாசலில் கிடந்த செருப்பை.

"தலயிலேர்ந்து கால் வரிக்கும் கடையிலேர்ந்து எறக்கின மாதிரி கீறியே. ஒரு பழசு கெடையாதா உங்கிட்ட?"

எங்கள் அம்மாவுக்குச் சுருக்கென்றது. "பொண்ணு பாக்க வரும்போது புதுசு கட்டிகினு வர்றது தப்பா, அண்ணி?"

"தப்புன்னு சொன்னனா? புதுக் கத்தி ஒண்ணும் சொல்லாது, அதச் சொல்றேன். ஆடி பொறக்கப் போவுது. இப்ப ஒண்ணும் பேச வாணாம். ஆடி கழியட்டும். இந்தக் கத்தியோட வா. அப்பால பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுக் கத்தியை மூடி என் கையில் திணித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாத்தியாடா, கையோட கை கத்தியக் குடுத்துட்டா. வேணும்னு நெனைக்கிறவங்க கத்திய, உப்ப கையில குடுப்பாங்களா? சண்ட வரும்னு கீழ வெப்பாங்க, நாமதான் எடுத்துக்கணும். ஒறவே வாணாம்னவதான் கையில குடுப்பா. ஆடியாவது ஆவணியாவது! அவ முடிவு பண்ணிட்டா."

எனக்கு வேறு இடம் பார்க்க விருப்பமில்லை. காப்பி வைத்துவிட்டு உள்ளே போகும்போது உங்கள் அம்மா கதவோரம் நின்று, கத்தி வழுக்கிக்கொண்டு போனதை நினைத்து வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்த்திருந்தேன்.

அந்த ஆடி முழுக்க நான் ஒரு குற்றவாளி மாதிரி நடமாடினேன். கத்தியை வெளியில் எடுக்கும்போதெல்லாம் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும். ஒயர் சீவினேன். தெருப் பிள்ளைகள் பென்சில் கொண்டுவந்தால் சீவிக் கொடுத்தேன். கொய்யாப்பழம் அறுத்தேன். திறக்கத் திறக்க அதன் முறுக்கு தளர்ந்தது. நகம் வலிக்காமல் திறக்கப் பழகினேன். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் 'இது எனக்கு அனுகூலமாகச் சாட்சி சொல்லுமா, எதிராகச் சொல்லுமா' என்று தோன்றும்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது எங்கள் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டேய், ஒரு பொம்பள வந்துட்டுப் போனா. மொகத்த முந்தானையால மூடிகினு. யாரோ ஊடு எங்கன்னு கேட்டா. நான் தண்ணி கொண்டாரதுக்குள்ள, கொடியில காயற உன் சட்டையப் புடிச்சி மோந்து பாத்துகினு கீறா!"

"கையில குடை இருந்திச்சா?"

"இருந்திச்சி. தூறல்ல நனஞ்சிகினே போனா. விரிக்கவேயில்ல."

அத்தைதான். என் சட்டையில் என்னத்தைத் தேடினார்?

அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் அம்மாவிடமிருந்துதான் கிடைத்தது. அவள் பாடியில் தையல் வகுப்புக்கு வருவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நான் பேசலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் அவளே, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி பேசினாள்.

"அத்த உங்க ஊட்டுக்கு வந்துட்டு வந்தாங்க."

"தெரியும். சட்டைய எதுக்கு மோந்து பாத்தாங்க?"

"எண்ண வாடை வருதான்னு பாத்தாங்க." அவள் குரல் இறங்கியது. "அத்தையோட ஊட்டுக்காரரு, எங்க மாமா, தெனிக்கும் பாடிக்கு வேலைக்குப் போறேன்னு கெளம்புவாராம். சாயங்காலம் வந்து சட்டயக் கழட்டிப் போடுவாராம். அத்தைதான் தொவைப்பாங்க. ரொம்ப நாள் கழிச்சி, தொவைக்கும்போது தோணிச்சாம். மிசின்ல வேல செய்யற ஆளு, ஒரு சொட்டு எண்ணகூட சட்டையில இல்லியேன்னு. போயி விசாரிச்சா, அந்தக் கம்பெனியில அப்டி ஒரு ஆளே இல்லியாம். திருவள்ளூர்ல இன்னொரு ஊடு இருந்திச்சாம்."

"என் சட்டையில எண்ண இருந்திச்சா?" என்று கேட்டேன்.

"தொவச்சாலும் போவாத எண்ண கீதுன்னாங்க" என்றாள். "ஆனா அது ஒரு சாமான்தானாம். இன்னும் கத்தி கீதாம்."

நிறுத்தத்தில் ஒரு பூக்கார அம்மாள் வாழைநாரில் கட்டிய மல்லிகை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு முழம் கேட்டேன். அவர் முழம் போட்டு, நாரைப் பல்லால் கடித்து அறுக்கப் போனார். "இருங்கம்மா" என்று கத்தியைத் திறந்தேன். ஒரே இழுப்பு. புதுக் கத்தி வாங்கியதிலிருந்து அத்தனை சுத்தமாக அது எதையும் அறுத்ததில்லை.

"வாணாம்" என்றாள் உங்கள் அம்மா. பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி, பூவை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். "கூடப் படிக்கிறவ குடுத்தான்னு சொல்லிக்கிறேன்" என்ற வார்த்தை மட்டும் இறங்கி வந்தது.

ஆடி முடிந்தது. அம்பத்தூருக்குக் கிளம்புகிற நாள் காலையில் கத்தியை எடுத்துப் பார்த்தேன். அலகில் கொய்யாக் கறை, ஒயர் ரப்பர் கறுப்பு. இப்படியா பெரியவர்கள் முன்னால் வைப்பது? எங்கள் வீட்டில் நல்ல காரியம் என்றால் குத்துவிளக்கிலிருந்து சொம்பு வரை தேய்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அம்மா செங்கல் பொடி கொடுத்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அலகில் முகம் தெரிந்தது. "இப்பதாண்டா பாக்கற மாதிரி கீது" என்று அம்மாவும் திருப்தியாகச் சொன்னார்.

அதே பாய். அதே காப்பி. கத்தியை அத்தையின் முன்னால் தரையில் வைத்தேன். அவர் எடுத்துத் திறந்தார். வெயிலில் பளிச்சென்று சுவரில் வெளிச்சம் ஓடியது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"கழுவிகினு வந்துகீறே."

"ஆமாம்மா. நல்லா தேச்சி…"

"எதுக்கு?"

எங்கள் அம்மா முந்திக்கொண்டார். "நல்ல காரியத்துக்கு வரும்போது அழுக்கா எடுத்துகினு வருவாங்களா, அண்ணி?"

"கத்திய இப்டிக் கழுவறவன் ஒண்ணு சமையல்காரன். இல்லாங்காட்டி…" அவர் முடிக்கவில்லை. "நீ சமையல்காரனாப்பா?"

"இல்லம்மா."

"அப்ப எத மறைக்கக் கழுவனே?"

என்ன சொன்னாலும் அது வாய்தானே. அவர் வாயை நம்பப் போவதில்லை. எங்கள் அம்மா எழுந்திருக்கக் கையை ஊன்றிவிட்டார். "வாடா போலாம். ஒரு மாசமா நாயா அலைய வுட்டது போதும்."

"குந்து, அண்ணி" என்றார் அத்தை. கத்தியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அலகு படுத்துக்கொள்கிற அந்தப் பள்ளத்துக்குள் பார்த்தார். "அலகத் தேச்சவன் உள்ள தேக்கல. ஏய், ஒரு ஈர்க்குச்சி கொண்டா. மொறமும் எடுத்தா."

உங்கள் அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக் கொண்டுவந்தாள். அத்தை முறத்தின் மேல் கத்தியைக் கவிழ்த்துப் பிடித்துப் பள்ளத்தைக் குடைந்தார். ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அவர் விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"செவப்புப் பெயிண்டு. பென்சிலு. நீ இன்னா எழுதறே?"

"தெருப் புள்ளைங்க பென்சிலும்மா."

"நீலமும் கீது, பச்சையும் கீது. சரி, நெறயப் புள்ளைங்கதான்." அடுத்தது. "இது ரப்பரு. கம்பெனி ஒயரு. இது கொய்யா வெத." கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. குச்சியை மறுபடி விட்டுக் குடைந்தார். மெல்லிய இழை ஒன்று சுருண்டு விழுந்தது. அதோடு பழுப்பாகக் காய்ந்த ஒரு துணுக்கு. அத்தை அதைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"வாழ நாரு. மல்லிப்பூ எதழு." நிமிர்ந்து எங்கள் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் வெறும் நெற்றியை, பூ இல்லாத தலையைப் பார்த்தார். "அண்ணி, உங்க ஊட்ல பூ வெக்கிற பொம்பள யாரு?"

எனக்கு அக்கா தங்கை கிடையாது. மெதுவாக அம்மாவே என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. "யாருக்குடா பூ வாங்கனே?"

உண்மையைச் சொன்னால் உங்கள் அம்மா மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் நான் திருவள்ளூர் மாமா மாதிரி ஆகிவிடுவேன். தாத்தா கையில் பீடி அணைந்துபோய் இருந்தது, அவர் பற்ற வைக்கவில்லை. உங்கள் அம்மா சுவரோடு சுவராக நின்றாள்.

"சொல்ல மாட்டே" என்றார் அத்தை. எழுந்து மாடத்துக்குப் போனார். விளக்குக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்து முறத்தில் போட்டார். வாடிச் சுருங்கிய ஒரு பூச்சரத்தின் நுனி.

"ஆடியில ஒரு நா இவ பூ வெச்சிகினு வந்தா. கூடப் படிக்கிறவ குடுத்தான்னா. நான் சரத்தப் பாக்கல, நுனியப் பாத்தேன். பூக்காரி பல்லால கடிச்சா நாரு பிரிபிரியா நிக்கும். இது ஒரே வெட்டு. கத்தி. யாருடா கத்தி வெச்சிக்கினு எம்பொண்ணுக்குப் பூ அறுத்துக் குடுக்கறவன்னு, அன்னிக்கிலேர்ந்து எனக்குத் தூக்கம் கெடையாது."

பள்ளத்திலிருந்து விழுந்த இழையை எடுத்துச் சரத்தின் நுனிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உங்கள் அம்மாவைப் பார்த்தார். அவள் கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தார். நானும் கீழே பார்த்தேன்.

"கூடப் படிக்கிறவளா?" என்றார் அத்தை உங்கள் அம்மாவிடம். "மீச வெச்ச கூடப் படிக்கிறவளாடி?"

தாத்தாதான் முதலில் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எங்கள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவி, எங்கிட்டகூட சொல்லலியேடா" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முறத்தில் கிடந்ததையெல்லாம் இன்னும் ஒரு தடவை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பென்சில் தூள், ரப்பர், கொய்யா விதை, நார். வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

பிறகு கத்தியை மடக்கினார். 'டக்' என்று சத்தம் வந்தது. எங்கள் அம்மாவின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. என் கண்ணும்தான்.

அத்தை முன்னால் குனிந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவில், சிமெண்டுத் தரையில், சத்தம் வராமல் கத்தியை வைத்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"எடுத்துக்கோ நைனா" என்றார். "இனிமே கழுவாதே."